காயலான் கடைக்கு இபிஆர் சான்றிதழா? முன்பணம் கொடுக்காதீர்கள்

வணக்கம் அண்ணா. வியாசர்பாடியில் காயலான் கடை நடத்தும் உங்களிடம், "உங்கள் பெயரில் பிளாஸ்டிக் இபிஆர் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன், கம்பெனிகளுக்கு விற்கலாம்" என்று ஒரு முகவர் முன்பணம் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். இபிஆர் என்றால், பொருளை விற்கும் கம்பெனியே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்பது. ஒரு ரூபாய்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

2022 பிப்ரவரியில் வந்த விதிப்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கும் கம்பெனி அந்தக் கழிவு முறையாகக் கையாளப்பட்டதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். 2021-22இல் 25 சதவீதம், அடுத்த ஆண்டு 70, 2023-24 முதல் 100. தன்னால் முடியாத பங்குக்குச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதை வழங்குவது பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலை போன்ற இடங்கள்தான். பிரித்து விற்கும் கடை அல்ல. வெயிலில் குனிந்து பொறுக்குகிறவர் பெயர் அந்தச் சீட்டில் வராதது எனக்கு இன்றும் ஆறவில்லை.

உங்கள் ஆதாயம் விற்கும் விலையில் இருக்கிறது. சான்றிதழ் வகைவாரியானது. எண்ணெய் டப்பா முதல் வகை, பால் கவர் இரண்டாம் வகை. ஒன்றின் கணக்கை இன்னொன்றுக்குக் காட்ட முடியாது. அதனால் வகை பிரித்த சரக்குக்குத்தான் மதிப்பு. என் மாமா தண்டையார்பேட்டைக் கடையில் பால் கவரை அலசி, கொடியில் காயப்போட்டுத் தனி மூட்டையாகக் கட்டுவார். புளித்த வாடை இல்லாத அந்த மூட்டைக்கு ஆலைக்காரர் பேரம் பேசுவதே இல்லை.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவுள்ள ஆலையா என்று பார்த்து, எந்த வகை தேவை என்று நேரில் கேளுங்கள். எடைச் சீட்டும் ஜிஎஸ்டி பில்லும் வாங்காமல் வண்டியை அனுப்பாதீர்கள்.