மஸ்க்ரட் தோல்: ரோமத்தைத் தடவுமுன் உட்புறத்தைப் பாருங்கள்

கேள்வி: நாங்கள் விண்ணிபெக்கில் இருக்கிறோம். மனிற்றோபா ஏரிப் பக்கம் பொறி வைத்து மஸ்க்ரட் (நீர்நிலைகளில் வாழும், எலி போன்ற ரோம விலங்கு) பிடிக்கும் ஒருவர், காயவைத்த தோல்களைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். அப்பாவுக்குக் குளிர்காலத் தொப்பி ஒன்று தைப்பிக்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? தோலை நேரே தையல்காரரிடம் கொடுக்கலாமா?

பதில்: நல்ல தேர்வு. கனடாவின் மத்திய பொலிசாரான ஆர்.சி.எம்.பி.யின் குளிர்காலத் தொப்பியே மஸ்க்ரட் ரோமம்தான். 2014இல் அதைப் பெரும்பாலும் கைவிட அவர்கள் முடிவெடுத்தபோது அரசு தலையிட்டு நிறுத்தியது.

ஆனால் நேரே தையலுக்குக் கொடுக்க முடியாது. காயவைத்தது வேறு, பதனிட்டது வேறு. காய்ந்த தோலில் ஈரம் பட்டால் மறுபடி ஊறி அழுகும், முடி கொட்டும். அதனால் முதலில் பதனிடுபவரிடம் ஒரு தோலுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் குறைந்த விலை உண்மையில் குறைந்ததா என்று தெரியும்.

இனித் தோலுக்கு வருவோம். மஸ்க்ரட்டை வயிற்றில் கீறுவதில்லை. பின்னங்கால்களுக்கு இடையே வெட்டி, காலுறையைக் கழற்றுவதுபோல் தலைப்பக்கமாக உரித்து, ரோமம் உள்ளே இருக்கும்படி கம்பிச் சட்டத்திலோ பலகையிலோ மாட்டிக் காயவைப்பார்கள். விற்பனைக்கும் அப்படியேதான் வரும். உங்கள் கண்ணில் முதலில் படுவது தோலின் உட்புறம். அது நல்லதற்கே, ஏனென்றால் வேலை சரியாக நடந்ததா என்று சொல்வது அந்தப் பக்கம்தான்.

உட்புறம் வெளிர் நிறமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். கருநீலத் திட்டுகள் நிறைய இருந்தால் ரோமம் முற்றுமுன் பிடித்தது. மஸ்க்ரட் ரோமம் குளிர்காலக் கடைசியில்தான் நன்றாக அடர்கிறது. இளவேனிலில் பிடித்ததில் சண்டைக் கடிகளால் ஓட்டைகள் இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

முன்னங்கால் மூட்டுப் பக்கம் மஞ்சளாக, எண்ணெய்ப் பசையோடு பளபளத்தால் கொழுப்பைச் சரியாக வழிக்கவில்லை. நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். அந்தத் தோலை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் கொழுப்பு உருகித் தோலுக்குள் இறங்கி அதை வேகவைத்துவிடும். பார்வைக்குக் காய்ந்த தோல்தான், ஆனால் பதனிடும்போது அந்த இடம் கிழியும். போன தோலை எந்தப் பதனிடுபவராலும் மீட்க முடியாது. குளிர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் சில நாட்கள் ஆற அமரக் காய்ந்ததுதான் நல்ல தோல். எங்கே காயவைத்தார் என்று அவரிடமே கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

அளவுக்கு மீறி வழித்தாலும் கேடுதான். உட்புறத்தில் முடிவேர்கள் தெரிந்தால் பின்னால் ரோமம் உதிரும். கடைசியாக, வயிற்றுப் பக்க முடியை மெல்ல இழுத்துப் பாருங்கள். கொத்தாக வந்தால் காயுமுன்பே கெட்டுப்போன தோல்.

பதனிடாத தோல்களைக் கையுறை போட்டுத் தொடுங்கள். மஸ்க்ரட்டிலிருந்து துலரேமியா என்ற நோய் மனிதருக்குத் தொற்றக்கூடும். விற்பவரிடம் பொறி வைப்பதற்கான உரிமம் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பழைய துணிக்கடையில் 'ஹட்சன் சீல்' என்று எழுதிய கறுப்புக் கோட் பார்த்தேன். கடல்நாய்த் தோலா?

பதில்: இல்லை, அதுவும் மஸ்க்ரட்தான். நீண்ட மேல்முடியை நீக்கி, ரோமத்தைக் கத்தரித்து, கறுப்புச் சாயமேற்றி அந்தப் பெயரில் விற்றார்கள். அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டுச் சட்டம் விலங்கின் உண்மைப் பெயரைச் சொல்ல வேண்டும் என்றாக்கியது. உங்கள் கோட் அதற்கு முந்தியதாக இருக்கலாம்.

வாங்குமுன் அக்குள், தோள் தையல்களை மடக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று காகிதச் சத்தம் கேட்டால் தோல் உலர்ந்து இற்றுவிட்டது, விட்டுவிடுங்கள். மெத்தென்று வளைந்தால் வாங்கலாம். அப்புறம் பிளாஸ்டிக் உறையில் போடாமல், துணி உறையில், ஹீற்றருக்குத் தள்ளித் தொங்கவிடுங்கள்.