கொன்றவனுக்கும் மீட்பு உண்டா?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

எல்லாரும் கடைசியில் மீட்கப்படுவார்கள், சாத்தானும் ஒருநாள் குணமாவான் என்று நான்காம் நூற்றாண்டு ஆயர் நீசாவின் கிரகோரியார் நம்பியதாக உங்கள் உரையில் சொன்னீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அந்தப் பிள்ளையைக் கொன்றவனும் ஒரே பந்தியில் உட்காருவார்கள் என்றால் நீதிக்கு என்ன பொருள்? தவிரவும், 553இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் இந்தக் கொள்கையைத் தள்ளிவிட்டதே?

எஸ்.

அன்புள்ள எஸ்,

சங்கத்தை முதலில் பார்த்துவிடுவோம். அந்த ஆண்டோடு சேர்த்துச் சொல்லப்படும் கண்டனங்களில் முதலாவது, ஆன்மாக்கள் உடலுக்கு முன்பே இருந்தன என்ற கருத்தையும் அதிலிருந்து பிறக்கும் மீட்சிக் கொள்கையையும் சேர்த்தே தள்ளுகிறது. 543இல் பேரரசர் ஜஸ்டினியன் இன்னும் கடுமை. நரக தண்டனைக்கு முடிவு உண்டு என்றவர்களையே சபைக்குப் புறம்பாக்கினார். ஆனால் கிரகோரியாரை எந்தச் சங்கமும் தொடவில்லை. 787இல் நிசேயா சங்கம் அவரைத் தந்தையரின் தந்தை என்றே போற்றியது.

நீதி பற்றிய கேள்விதான் கனமானது. அண்ணன் பசிலியார் இறந்த துக்கத்தோடு கிரகோரியார் போய்ப் பார்க்கிறார். அக்கா மக்ரீனா மரணப்படுக்கையில் கிடக்கிறார். அங்கே நடந்ததாக அவர் எழுதிய உரையாடலில் அக்கா ஓர் உவமை சொல்கிறார். கயிறு முழுக்கக் களிமண் அப்பி இறுகிவிட்டது. அதன் நுனியைச் சிறு துளையில் நுழைத்து மறுபக்கமிருந்து ஒருவர் விடாமல் இழுக்கிறார். கயிறு போய்ச் சேரும். மண் இப்பாலேயே உதிரும். தன்னுடையதான ஆன்மாவைத் தன்னிடம் சேர்த்துக்கொள்ளத்தான் கடவுள் இழுக்கிறார். ஒட்டியிருக்கும் தீமை எவ்வளவோ அவ்வளவு வலி.

ஆக, கொன்றவன் கொன்ற கையோடு வந்து பந்தியில் உட்காருவதில்லை. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய கத்தார் பகுதியில் பிறந்த துறவி நினிவே ஈசாக், நரகத்தில் இருப்பவர்களை வதைப்பது அன்பின் சாட்டை என்கிறார். அன்புக்கு எதிராகத் தான் செய்தது இன்னதென்று தெரிந்துவிட்ட மனம் படும் பாட்டுக்கு எந்த நெருப்பும் ஈடில்லை.

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் நித்திய ஜீவன் முடிவற்றது என்றால் நித்திய ஆக்கினையும், அதாவது தண்டனையும், முடிவற்றதே என்று வாதாடினார் லத்தீன் திருச்சபையின் பெரும் ஆசான் அகுஸ்தீனார். வலுவான வாதம். ஆனால் அதை ஏற்றால், தீமைக்கு என்றைக்கும் அழியாத ஓர் இருப்பிடத்தைக் கடவுளே காத்துக்கொடுக்கிறார் என்றாகிறது. ‘தேவனே சகலத்திலும் சகலமுமாயிருப்பதற்கு’ என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே, அதில் அந்த இருப்பிடம் எங்கே? தீமைக்கென்று சொந்த இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவுதான் என்பதை அகுஸ்தீனாரும் ஒப்புக்கொண்டவர். அப்படியானால் தீமை ஒருநாள் இல்லாமலே போகும் என்று கிரகோரியார் எடுத்துவைத்த அடுத்த அடியை மட்டும் அவர் எடுக்கவில்லை.

அந்தத் தாய்க்கு வருகிறேன். அவள் சார்பில் மன்னிக்க எனக்கோ உங்களுக்கோ எந்த இறையியலாளருக்கோ உரிமை கிடையாது. அவளைத் தாண்டிக்கொண்டு கொன்றவனின் மீட்பு நடக்க முடியாது. அவளுக்கும் பிள்ளைக்கும் இழைக்கப்பட்டது சரியாகாமல் எல்லாம் சீராயிற்று என்று யாரும் சொல்லவும் முடியாது. பிள்ளை அவள் கைக்குத் திரும்ப வேண்டும். கிரகோரியார் அந்த உவமையை உயிர்த்தெழுதல் பற்றிய நூலில் வைத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். உயிர்த்தெழுதலை நம்பாதவரிடம் இந்தக் கொள்கைக்காக நான் வாதாட மாட்டேன்.

அன்புடன்.