ஓரட்டோரியோ பாடும் மகளும் கவலைப்படும் அப்பாவும்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்கு 25 வயது. லண்டனில் இசைக் கல்லூரி மேற்படிப்பை முடித்த மெஸ்ஸோ (உச்சக் குரலுக்குக் கீழான, சற்றுத் தாழ்ந்த பெண் குரல்) பாடகி. வாரத்தில் பாதி நாள் அலுவலக வேலை, மீதி நாள் பாட்டுப் பயிற்சி. இப்போது 18-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலின் பெயரில் நடக்கும் பாட்டுப் போட்டிக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள். "தோற்றால் உடைந்து போவாளோ, ஜெயித்தாலும் இதில் பிழைப்பு உண்டா" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது தெளிவானால் முதல் கேள்வியின் பாரம் தானே குறையும்.

பிழைப்பு உண்டு. ஆனால் அது பரிசுப் பணத்தில் வருவதில்லை. பிரிட்டனில் ஊருக்கு ஊர் கோரல் சொசைட்டி என்ற பெயரில் பாடகர் குழுக்கள் இருக்கின்றன. பகலில் ஆசிரியராகவும் மருத்துவராகவும் கணக்காளராகவும் இருப்பவர்கள் வாரத்தில் ஒரு மாலை கூடிப் பாடிப் பழகுவார்கள், வருடத்தில் சில கச்சேரிகள் நடத்துவார்கள். அவர்கள் பாடுபவற்றில் முக்கியமானது ஓரட்டோரியோ, அதாவது நடிக்காமல் பாட்டாலேயே கதை சொல்லும் பெரிய இசைப் படைப்பு. அதில் கூட்டுப்பாடல் அவர்களுடையது. தனிக்குரல் பகுதிகளுக்கு மட்டும் சோப்ரானோ, ஆல்ட்டோ (பெண்களின் உயர்ந்த, தாழ்ந்த குரல்கள்), டெனர், பாஸ் (ஆண்களின் உயர்ந்த, தாழ்ந்த குரல்கள்) என்று நாலு பேரைச் சம்பளம் கொடுத்து அழைப்பார்கள். சனிக்கிழமை மதியம் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரே ஓர் ஒத்திகை, மாலையில் கச்சேரி, ராத்திரி ரயிலில் வீடு. டிசம்பரில் ஹேண்டலின் 'மெசையா', ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பாக் எழுதிய பேஷன் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும்) படைப்புகள், மற்ற மாதங்களில் ஹைடனின் 'கிரியேஷன்', மெண்டல்சோனின் 'எலைஜா', எல்கரின் 'ட்ரீம் ஆஃப் ஜெரான்டியஸ்'. பெரிய பாடகர்களுக்குக் கொடுக்க இந்தக் குழுக்களிடம் பணம் இருக்காது, அதனால் நன்றாகப் பாடும் இளையவர்களைத் தேடுவார்கள். உங்கள் மகளின் முதல் பத்து வருடப் பிழைப்பில் ஒரு பெரும்பகுதி இந்தச் சனிக்கிழமைகள்தான்.

சரி, அந்த நாலு பேரை யார் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலும் அந்தக் குழுவின் கண்டக்டர், அதாவது முன்னால் நின்று கையசைத்து இசையை நடத்துபவர். தான் கேட்ட குரலை அழைப்பார், இல்லையென்றால் தான் நம்பும் ஒருவர் சொன்ன குரலை அழைப்பார். போட்டிக்கு மதிப்பு வருவது இந்த இடத்தில்தான். இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்தாறு பேரை, அவர்களைப் பின்னால் வேலைக்கு அழைக்கக்கூடியவர்கள் ஒரே மாலையில் கேட்டுவிடுகிறார்கள். பரிசு ஒருவருக்குப் போகலாம், டிசம்பர் மெசையா இன்னொருவருக்குப் போகலாம். அரையிறுதியோடு நின்றுபோன ஒரு பெண்ணுக்கு நடுவர் ஒருவரே பின்னால் வாய்ப்பு கொடுப்பதும் இந்தத் துறையில் அதிசயமில்லை.

அவள் குறிவைத்திருக்கும் போட்டி நல்ல போட்டி. லண்டன் ஹேண்டல் விழா 1978-ல் தொடங்கியது, அதன் பாட்டுப் போட்டி 2002 முதல் நடக்கிறது. ஹானோவர் சதுக்கத்தில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இந்த விழாவின் தாய்வீடு மாதிரி. ஹேண்டல் 1723-லிருந்து 1759-ல் சாகும்வரை வாழ்ந்த ப்ரூக் தெரு வீட்டிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம், அதுதான் அவருடைய சொந்தத் திருச்சபை. ஹேண்டலின் ஒவ்வொரு வரியையும் அறிந்தவர்கள் முன்னால் பாடுவது பயமாக இருக்கும், ஆனால் இந்த வேலைக்குப் பழகிக்கொள்ள வேண்டிய பயம் அது. அமெரிக்காவில் இதற்கு இணையாக, 1873-ல் தோன்றிய நியூயார்க் ஓரட்டோரியோ சொசைட்டி 1977 முதல் ஓரட்டோரியோவுக்கென்றே தனிப்போட்டி நடத்திவருகிறது. அதை இப்போதைக்கு விடுங்கள். விமானச் செலவு செய்து போவதற்கு முன் லண்டனில் அவள் பெயர் நாலு பேருக்குத் தெரியட்டும்.

பாடகி காத்லீன் ஃபெரியர் பற்றி மகள் உங்களிடம் சொல்லியிருப்பாள். மெஸ்ஸோ, ஆல்ட்டோ பாடும் எல்லாருக்கும் அவர் ஒரு வழிகாட்டி, 1956 முதல் அவர் பெயரிலேயே இளம் பாடகர்களுக்கு விருதுப் போட்டி நடக்கிறது. வடக்கு இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்த பெண். பியானோ நன்றாக வாசிப்பார். 1937-ல் கார்லைல் நகரப் போட்டியில் பியானோவுக்குப் பெயர் கொடுத்தவர், ஒரு ஷில்லிங் பந்தயத்துக்காகப் பாட்டுக்கும் பெயர் கொடுத்து இரண்டிலும் ஜெயித்தார். அப்போது ஏறக்குறைய உங்கள் மகளின் வயதுதான். இதை மட்டும் சொல்லி எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது அதற்கடுத்த ஆறு வருடம். உள்ளூர்க் கூடங்களிலும், போர்க்காலத்தில் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் முன்னாலும் பாடினார். 1942-ல்தான் லண்டனுக்குக் குடிவந்தார். 1943 மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மெசையா பாடிய பிறகுதான் நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. 1953-ல் 41 வயதில் புற்றுநோயில் இறந்துபோனார். அதுவரை மேடையேறிய ஆபரா (வேடமிட்டு நடிக்கும் இசை நாடகம்) வேடங்கள் இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் ஓரட்டோரியோவும் தனிப்பாடல்களும்தான். ஆபராவில் வாய்ப்பு கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் ஓரட்டோரியோ என்று உங்கள் நண்பர் சொன்னாராமே, அவருக்கு இந்த வாழ்க்கையைச் சொல்லுங்கள்.

இந்த ஆறு வருடக் கணக்கை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் குரலின் இயல்பு. பொறியியல் படித்தவர் 22 வயதில் வேலைக்குத் தயார். பாடும் குரல், அதிலும் மெஸ்ஸோ போன்ற தாழ்ந்த குரல், முப்பதை ஒட்டித்தான் முழுமையாக நிறைகிறது. இந்தப் போட்டிகளுக்கு முப்பதைத் தாண்டியவர்களும் வருவது இதனால்தான். வயது வரம்பை அந்தந்த ஆண்டு விதிமுறையில் சரிபார்க்கச் சொல்லுங்கள். 25 வயதில் அவள் தாமதமாகவில்லை ஐயா, கொஞ்சம் சீக்கிரமே வந்திருக்கிறாள். இந்த வருடம் அனுபவத்துக்காகப் போகலாம், இன்னும் மூன்று வருடம் கழித்துப் பரிசுக்காகவே போகலாம்.

இனி இது மகளுக்கு. அவளிடம் வாசித்துக் காட்டுங்கள்.

ஓரட்டோரியோவில் கதை உண்டு, பாத்திரம் உண்டு. வேடம் கிடையாது, திரை கிடையாது. கையில் புத்தகத்தோடு நின்ற இடத்தில் நின்று, சொல்லாலேயே எல்லாவற்றையும் காட்ட வேண்டும். 1742-ல் டப்ளினில் மெசையா முதன்முதலில் அரங்கேறியபோது 'ஹீ வாஸ் டெஸ்பைஸ்ட்' (அவர் இகழப்பட்டார்) பாடியவர் சூசன்னா சிபர் என்ற நாடக நடிகை. குரல் சிறியது, இசைப் பயிற்சியும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டவர் நெஞ்சில் தைத்தது என்கிறார்கள். உன் பட்டியலில் அந்த ஆரியா, அதாவது தனிக்குரல் பாட்டு, இருக்கிறது. மெதுவான, நீளமான ஆரியா. அதைக் குரல் அழகைக் காட்டுவதற்காக எடுக்காதே. அந்த வலியைச் சொல்ல உன்னிடம் ஏதாவது இருந்தால் எடு.

போட்டிகளில் பலர் கோட்டைவிடுவது ரெசிடடிவில். ஆரியாவுக்கு முன்னால் வரும் அந்தப் பேச்சுப்பாட்டைத் தாளத்தோடு ஒப்பிக்கிறார்கள். முதலில் அதை வெறும் பேச்சாகச் சொல்லிப் பழகு, அப்புறம் சுரத்தில் வை. ஜெர்மன் பாடும்போது உச்சரிப்பை ஜெர்மன்காரர் ஒருவரிடம் சரிபார்த்துக்கொள்.

அடுத்தது, ஆரியாவின் முதல் பகுதி திரும்ப வரும்போது செய்யும் அலங்காரம். நீ சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் கற்றவள் என்று அப்பா எழுதியிருக்கிறார். அது உனக்கு ஒரு வரம், ஒரு பொறியும்கூட. வரம் எப்படி என்றால், வேகமான சுரக்கோவைகள் உனக்குப் பயம் தராது, சுருதி மாறினாலும் கலங்க மாட்டாய். ஹேண்டல் காலக் கருவிகள் வாசிக்கும் குழுக்கள் 'ஏ' சுரத்தை 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 415-ல் வைப்பார்கள், ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. பியானோவிலேயே வளர்ந்த சிலர் இதில் தடுமாறுவார்கள், உனக்கு அது கட்டையை மாற்றிப் பாடுவது போல. பொறி எது என்றால் கமகம். சுரத்தை அசைத்துப் பாடும் பழக்கம் உனக்குத் தெரியாமலே நீண்ட சுரங்களில் நுழையும். இங்கே அலங்காரம் அடியில் ஓடும் பாஸ் வரியோடு (கருவிகள் வாசிக்கும் தாழ்ந்த சுர வரி) ஒத்துப்போக வேண்டும். பாஸ் வரியை நீயே வாசித்துக்கொண்டு மேலே பாடிப் பார், எது பொருந்தவில்லை என்று உன் காதே சொல்லிவிடும்.

பாட்டுகளைத் தேர்ந்தெடுக்கும்போது, போட்டி முடிந்த மறுநாளும் உனக்கு வேலை தருமா என்று பார். மெசையாவின் ஆல்ட்டோ பகுதி முழுவதும், பாக் எழுதிய மத்தேயு பேஷனின் 'எர்பார்மெ டிஷ்', எலைஜாவின் 'ஓ ரெஸ்ட் இன் த லார்ட்' எல்லாம் கைவசம் இருந்தால், யாருக்காவது தொண்டை கட்டி சனிக்கிழமை காலையில் உனக்கு போன் வரும்போது "வருகிறேன்" என்று சொல்ல முடியும். பல பாடகர்களுக்கு முதல் நல்ல வாய்ப்பு இப்படித்தான் வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுக்களில் மாற்றாளாகப் போய்ப் பாடு. சம்பளமும் கிடைக்கும், பார்த்தவுடன் வாசித்துப் பாடும் திறமையும் கூர்மையாகும்.

மறுபடியும் உங்களிடம் வருகிறேன் ஐயா. தோல்வியைப் பற்றிக் கேட்டீர்கள். விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் முதல் சுற்றோடு நின்றுவிடுவார்கள், அனேகமாகக் காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள். அது வலிக்கும். அந்த வாரம் "நான் அப்போதே சொன்னேனே" என்ற வாக்கியம் மட்டும் உங்கள் வீட்டில் கேட்கக் கூடாது. அலுவலக வேலையை விடச் சொல்லாதீர்கள், அதுதான் அவளைப் பதற்றமில்லாமல் பாட வைக்கிறது. பாட்டு வருமானம் ஒரு வரி ஆண்டில் 1,000 பவுண்டைத் தாண்டும்போது வரித்துறையில் சுயதொழில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதற்கு இப்போதே ஒரு கணக்கு நோட்டு போடச் சொல்லுங்கள், ரயில் டிக்கெட் உட்பட. மூன்று வருடம் கழித்து அந்த நோட்டை இருவரும் சேர்ந்து பாருங்கள். போட்டியில் எத்தனையாவது இடம் என்பதைவிட, அழைத்தவர்கள் மறுபடி அழைத்தார்களா என்பதுதான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். மறு அழைப்பே இல்லையென்றால் அப்போது வேறு வழி பேசலாம், அவளுக்கு 28 வயதுதான் இருக்கும்.

கடைசி வரியில், இதெல்லாம் வேற்று மதப் பாட்டுகள் ஆயிற்றே என்று தயங்கி எழுதியிருந்தீர்கள். தயங்க வேண்டாம், நியாயமான கேள்விதான். மெசையாவுக்கு லண்டனில் கிறிஸ்தவர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது, நாடகக் கொட்டகையில் வேத வசனம் பாடலாமா என்று. 1743-ல் அதன் பெயரைப் போடாமல் 'புதிய புனித ஓரட்டோரியோ' என்றே விளம்பரம் செய்தார்கள். இன்று அதைப் பாடுபவர்களிலும் கேட்பவர்களிலும் பல மதத்தவர் உண்டு, மதமே இல்லாதவர்களும் உண்டு. அந்தச் சொற்களை மதித்து, பொருள் உணர்ந்து பாடுவாளா என்று மட்டும்தான் அவளிடம் எதிர்பார்ப்பார்கள். அதையும் அவளிடமே கேளுங்கள், நீங்கள் முடிவு செய்துவிட வேண்டாம்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. முதல் சுற்றுக்கு ஒலிப்பதிவு கேட்டால் அதைப் படுக்கையறையில் போனில் எடுக்க விடாதீர்கள். நல்ல எதிரொலி உள்ள ஒரு சிறிய தேவாலயத்தையோ கூடத்தையோ அரை நாள் வாடகைக்கு எடுத்து, அவளோடு ஏற்கனவே ஒத்திகை பார்த்த பியானோ கலைஞரை அழைத்து, கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே பதிவை முடித்துவிடுங்கள். அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். சரியாக வராவிட்டால் இன்னொரு முறை எடுக்கவும் நேரம் இருக்கும்.