மழைக்கு முன் பரண்

கேள்வி: ஐயா, எங்களிடம் ஆறு வெள்ளாடு இருக்கு. கொல்லையில் கீற்றுக் கொட்டகை, மண் தரை. போன கார்த்திகையில் இரண்டு குட்டி செத்துப்போச்சு. இப்போ ஒரு சினை ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே தண்ணிப் பை மாதிரி தொங்குது. எல்லாத்தையும் வித்துட்டு, மழை முடிஞ்சதும் கேரளத்துத் தலைச்சேரி ஆடு வாங்கலாம்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்ய?
– ஒரு வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: விற்காதீர்கள் தங்கச்சி. முதலில் அந்தச் சினை ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உள்ளே சிவப்பில்லாமல் வெளுத்திருந்தால் புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. நம் பக்கம் வாய்க்காலெல்லாம் நத்தை. தட்டைப்புழு அதற்குள் வளர்ந்து, கரையோரப் புல்லில் ஒட்டி, ஆட்டின் ஈரலுக்குப் போய்விடும். அன்று போட்ட புழுக்கையில் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். எல்லாப் பூச்சி மருந்தும் தட்டைப்புழுவுக்குக் கேட்காது. சினை என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சில மருந்து வயிற்றுக் குட்டியைக் கெடுத்துவிடும். நான் ஒருமுறை எடை பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மூடி அளவு ஊற்றினேன். குட்டிகள் பிழைத்தன. பெரிய கிடாவுக்கு அது போதவில்லை, தாடை வீங்கியே செத்தது.

குட்டி செத்தது பெரும்பாலும் தரை ஈரத்தால்தான் இருக்கும். 2018 கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை அறுத்துத்தான் நான் பரண் போட்டேன், ஆடு ஈரம் படாமல் நிற்க மரச்சட்டத் தளம், நாலடி உயரம். முதலில் சட்டங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டுவிட்டேன். மூன்றாம் நாளே ஒரு குட்டியின் கால் மாட்டிக்கொண்டு கத்தியது. பிரித்து, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு மறுபடி அடித்தேன். புழுக்கை விழுந்தால் போதும்.

அடைமழை நாளில் மேய்க்கவே வேண்டாம். அகத்தி, பூவரசு, கிளுவை ஒடித்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். தலையைத் தூக்கித் தின்பதுதான் வெள்ளாட்டுக்குப் பிடிக்கும். மழை விட்டதும் தளதளவென்று துளிர்க்கும் புல்லை வயிறுமுட்டத் தின்றால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். அதற்கான ஊசியை ஐப்பசிக்கு முன்னே போட்டுவிடுங்கள். ஆட்டுக்கொல்லி என்ற தொற்று நோய்க்கான ஊசியும் அப்படித்தான், கோடையில் வெளியூர்க் கிடை ஆடுகள் வயலில் வந்து இறங்குவதற்குள் போட்டாக வேண்டும். நோய் தொற்றிய பிறகு, கிடையை ஓட்டிவந்த கீதாரியைத் திட்டிப் பயனில்லை.

தலைச்சேரி மலபார் மழையில் வளர்ந்த ஆடுதான். ஆனாலும் உங்கள் ஈரத் தரையில் கட்டினால் அதுவும் நிற்காது. பரண் போட்டு இடம் மிஞ்சினால் ஒரே ஒரு தலைச்சேரிக் கிடா வாங்கச் சொல்லுங்கள். பெட்டைகள் இந்த ஊர் ஆடாகவே இருக்கட்டும்.