வாரிய வீடும் வருமானக் கணக்கும்: கேள்வி பதில்

சேலத்துல வாரிய வீட்டை, அதாவது அரசு வாரியம் கட்டி ஒதுக்குற வீட்டை, வாங்க நினைக்கிறவங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கறது என் வேலை. இந்தத் தடவை நீங்க கேட்டதுல பெரும்பாலும் வருமானத்தைப் பத்தித்தான்.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி: அண்ணா, கொலுசுப் பட்டறையில கூலி வேலை. மாசம் ஒரே மாதிரி வராது. எதை வருமானம்னு எழுதறது?

உங்க கூலி மட்டும் போதாது தம்பி, குடும்ப வருமானம் வேணும். குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க. பிரதமர் வீட்டு வசதித் திட்டத்துல வருஷத்துக்கு 3 லட்சம் வரைக்கும் பொருளாதாரத்துல நலிவுற்ற பிரிவு. வீட்டுல உட்கார்ந்து உங்க சம்சாரம் கொலுசு கோர்த்து வாங்குற கூலியும் இதுல சேரும். மாசம் உங்களுக்கு 18,000, அவங்களுக்கு 6,000 வந்தா வருஷத்துக்கு 2,88,000. வரம்புக்குள்ள வருது. ஆனா தீபாவளி மாசத்துக் கூலியை எடுத்து 12-ஆல பெருக்கிடாதீங்க. ஆடியில வேலை படுத்துக்கும்ல? வாரக்கூலியை ஒரு நோட்டுல வருஷம் முழுக்க எழுதி வைங்க, அதைக் கூட்டினா வர்றதுதான் உங்க வருமானம்.

அம்மாப்பேட்டை அக்கா: பையன் ஜவுளிக்கடையில 12,000 வாங்குறான். அதையும் சேர்க்கணுமா?

கல்யாணம் ஆகலைன்னா சேர்க்கணும்க்கா. மேல தம்பிக்குச் சொன்ன கணக்கை உதாரணமா எடுத்து, அதோட இந்தச் சம்பளத்தையும் சேர்த்தா வருஷத்துக்கு 4,32,000. அப்போ குறைந்த வருவாய்ப் பிரிவு, அதுக்கு 6 லட்சம் வரைக்கும். நலிவுற்றோருக்கான வாரியக் குடியிருப்பு கிடைக்காது. ஆனா பிரதமர் திட்டத்துல 2024 செப்டம்பர்ல தொடங்கின இரண்டாம் கட்டத்துல வீட்டுக் கடனுக்கு வட்டி மானியம் இருக்கு. வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள இருக்கணும். முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1,80,000, 5 தவணையா வரும். நாட்டுல எங்கயும் உங்க குடும்பத்துக்குச் சொந்தமா கான்கிரீட் வீடு இருக்கக்கூடாது.

குகை: வருஷ வருமானம் 72,000-தான்னு காட்டி வருமானச் சான்று வாங்கித் தர்றேன்னு ஒரு புரோக்கர் சொல்றார். வாங்கலாமா சார்?

வேண்டவே வேண்டாம். வாரியம் வருமானத்துக்கு மேல்வரம்பு பார்க்கும். பேங்க் கீழ்வரம்பு பார்க்கும். 4 லட்சம் கடனை 9 சதவீத வட்டியில 15 வருஷத்துக்கு வாங்கினா மாசம் ஏறக்குறைய 4,060 கட்டணும். மாசம் 6,000 சம்பாதிக்கிறவர் இதைக் கட்டுவார்னு எந்த மேனேஜர் நம்புவார்? அப்புறம் பேங்குக்குன்னு இன்னொரு கணக்கு எழுதுவீங்க. ரெண்டு காகிதமும் ஒரே ஃபைல்ல வந்து உட்காரும். இதுல சிக்கி வாய்தா வாய்தாவா அலைஞ்சவங்களைப் பார்த்துப் பார்த்து மனசு வெறுத்துப்போச்சு. இ-சேவை மையத்துல 60 ரூபாய் கட்டிப் பதிவு பண்ணுங்க. விஏஓ கேக்கும்போது உள்ளதைச் சொல்லுங்க. தாசில்தார் கொடுக்குற சான்று ஒரு வருஷம் செல்லும். புரோக்கருக்கு அங்க வேலையே இல்லை.

சூரமங்கலம்: வாரிய வீடு ஒதுக்கீடு வாங்கினவர்கிட்ட 20 ரூபாய் பத்திரத்துல எழுதி வாங்கி, 6 வருஷமா குடியிருக்கேன். என் வருமானம் வரம்புக்குள்ளதான் இருக்கு. என் பேருக்கு மாத்த முடியுமா?

வருமானம் இங்க பிரச்சினையே இல்லைங்க. தவணை முடிஞ்சு வாரியம் கிரயப் பத்திரம் கொடுக்கற வரைக்கும் விக்கிறதுக்கு அவருக்கே உரிமை இல்லை. பவர் பத்திரம் வச்சிருந்தாலும் அது கிரயம் ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் 2011-லயே சொல்லிடுச்சு. இனி ஒரு ரூபாய்கூட அவர்கிட்ட கொடுக்காதீங்க. காகிதத்தை எல்லாம் எடுத்துக்கிட்டு முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க.

ஏற்காடு: எஸ்டேட் லைன் வீட்டுல மூணு தலைமுறையா இருக்கோம். வாங்கிக்க முடியுங்களா?

முடியாதுங்க. அது தொழிலாளர் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டிய வீடு. வேலை இருக்கற வரைக்கும் இருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. கீழ கிராமத்துல உங்க பேருல பட்டா இடம் இருந்து, குடிசையில இருக்கறவங்கன்னா கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துக்கு ஊராட்சியில கேளுங்க. 3,50,000 தர்றாங்க, 360 சதுர அடி வீடு.

அஸ்தம்பட்டி அக்கா: வீட்டை யார் பேருல எழுதறது?

உங்க பேருலயே எழுதுங்கக்கா. மத்திய அரசுத் திட்டமே குடும்பத் தலைவி பேருலயோ கூட்டாவோ எழுதச் சொல்லுது. 2025 ஏப்ரல்ல இருந்து, 10 லட்சம் வரைக்கும் மதிப்புள்ள சொத்தைப் பெண் பேருல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையுது.