பி.எஸ்சி. முடித்தவுடன் ஆர்.டி. (பதிவுபெற்ற டயட்டீஷியன், அதாவது உணவியல் நிபுணர்) தேர்வு எழுதலாமா?

எழுத இயலாது. விண்ணப்பம் திரும்பி வந்ததாக ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குறிப்பிட்டுள்ள பி.எஸ்சி. ஊட்டச்சத்தியல் பட்டம் மட்டும் இந்திய டயட்டெடிக் சங்கத்தின் ஆர்.டி. தேர்வுக்குப் போதாது, அதற்குமேல் அத்துறையில் எம்.எஸ்சி. அல்லது முதுநிலைப் பட்டயமும், மருத்துவமனையில் 6 மாதப் பயிற்சியும் வேண்டும்.

கல்லூரிக் காலத்தில் செய்த சில வாரப் பயிற்சியையே அந்த 6 மாதமாகக் கருதியதால் அது திரும்பியிருக்கலாம். பலரும் இடறும் இடம் இது.

சேலத்தில் எந்த மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்வதானாலும், வார்டு நோயாளிகளுக்கு உணவுத் திட்டம் வகுக்க விடுவார்களா (சமையற்கூடக் கணக்கோடு நிறுத்திவிடும் இடங்களும் உண்டு), மேற்பார்வையாளர் ஆர்.டி. பதிவு பெற்றவரா, சான்றிதழில் தொடக்க, முடிவுத் தேதிகள் இருக்குமா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம் டயட்டீஷியன்களையும் உள்ளடக்குவதால் விதிகள் மாறக்கூடும்; எனவே விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை மட்டுமே நம்பவும்.