முழங்கை பட்ட இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பர்மிங்காமில் இருக்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மார்க் 3. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1968 மாடல், வெள்ளை. பெயின்ட், சீட், என்ஜின் எல்லாம் ஃபாக்டரியில் வந்தபடியே இருக்கின்றன. 31,000 மைல்தான் ஓடியிருக்கிறது. ஒன்பது வருடமாக ஒரு கராஜில் நிற்கிறது. இன்னொன்று 1969. வெள்ளையாக இருந்ததைச் சிவப்பாக அடித்திருக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஐந்து கியருக்கு மாறியிருக்கிறது. எலக்ட்ரானிக் இக்னிஷன், வேறு வண்டியின் சீட். ஆனால் வாராவாரம் ஓடுகிற வண்டி. வெள்ளையின் விலை இதைப்போல் ஒன்றரை மடங்கு. ஒரிஜினல்தான் நல்ல முதலீடு, மற்றதை வாங்கினால் பணம் போச்சு என்கிறார் கிளப் நண்பர். ஓட்டி அனுபவிக்க ஆசைப்படுவது சுயநலமா? பழைய பொருளைப் பாதுகாக்கிற கடமை நமக்கு இல்லையா? மனைவிக்குச் சிவப்பு பிடித்திருக்கிறது. மகன் எலக்ட்ரிக் கார் வாங்கச் சொல்கிறான். உங்கள் வீட்டுப் பழைய ஹெரால்டு கார் பற்றி ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எதை வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று கும்பகோணத்தில் தம்பி வீட்டில் இருந்தேன். காலையில்தான் ஹெரால்டின் மேலிருந்த உறையை விலக்கி, உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தேன். பெடல் எதிலும் தட்டாமல் தரைவரை போனது. மறுபடி மிதித்தேன், அப்படியே போனது. மனசு கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து போனைத் திறந்தால் உங்கள் கடிதம்.

மகன் சொல்வதை விடுங்கள், அது வேறு வண்டி, வேறு தேவை. சிவப்பா வெள்ளையா என்பது உங்கள் வீட்டு விவகாரம். கிளப் நண்பருக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் ‘முதலீடு’ என்ற சொல் நாலு இடத்தில் வருகிறது. கூரையை மடக்கிவிட்டுப் போகிற வண்டி அது. முகத்தில் காற்று அடிப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கவலை உங்களுடையதில்லை எஸ்., இன்னொருவருடைய கவலையைக் கடன் வாங்கி வைத்திருக்கிறீர்கள். பணம் பெருகத்தான் வேண்டுமென்றால் அதற்கு வங்கி இருக்கிறது, நிலம் இருக்கிறது. ஒரு காரின் தலையில் அந்த வேலையைக் கட்டாதீர்கள்.

நீங்கள் பார்க்கிற ஸ்பிட்ஃபயரும் எங்கள் ஹெரால்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1959இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு வந்தது. அதன் அடிச்சட்டமான சேஸிஸைச் சுருக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் பாடியை வைத்து 1962இல் ஸ்பிட்ஃபயர் செய்தார்கள். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் செய்து விற்றது. அறுபதுகளில் இங்கே சாதாரணமாகக் கிடைத்த கார்கள் மூன்றே மூன்று. அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு.

அப்பா டாக்டர். 1971இல் ஒரு ஹெரால்டைப் பழசாக வாங்கினார். இரண்டு கதவு, வெளிர் நீலம். ராத்திரி பதினொரு மணிக்குச் சுவாமிமலையிலிருந்து ஆள் வந்து நிற்கும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஹெரால்டின் பானட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாய்த் திறக்கும். என்ஜின் முழுக்க வெளியே தெரியும். அப்பா முன் டயர் மேலேயே உட்கார்ந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இக்னிஷனின் பாயின்ட் செட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். நான் டார்ச் பிடிப்பேன். உதிரிபாகம் கிடைக்காத காலம் அது. ஹெட்லைட்டைச் சுற்றியிருந்த வளையம் அம்பாசடருடையது. வைப்பர் மோட்டார் எந்த வண்டியுடையது என்று எங்களுக்கே தெரியாது. வலது கதவின் கண்ணாடியை இறக்கிவிட்டு, விளிம்பில் முழங்கையை வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார். இருபத்தேழு வருடம் அந்த முழங்கை அங்கேயே உட்கார்ந்தது. உள்ளங்கை அகலத்துக்கு நீலம் போய், அடியிலிருந்த பிரைமர் போய், இரும்பு தெரியும். துருப்பிடித்ததில்லை, தினமும் தேய்ந்துகொண்டே இருந்ததால் வெள்ளிக்காசு மாதிரி மின்னும். சின்ன வயதில் அந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு வாசலில் நிற்பேன். வெயிலில் கை சுடும்.

1998இல் அப்பா போனார். 2009இல் தம்பி ஆசை ஆசையாக வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டான். ஒரிஜினலாக மாற்றித் தருகிறோம் என்றார்கள். எட்டு மாதம். பெயின்ட்டை அடிவரை சுரண்டி, பட்டி பார்த்து, ஃபாக்டரியின் நீலம் இதுதான் என்று ஒரு நீலத்தை அடித்துத் தந்தார்கள். அம்பாசடர் வளையத்தைக் கழற்றிவிட்டு இங்கிலாந்திலிருந்து தருவித்த வளையத்தைப் போட்டார்கள். சீட்டில் அப்பா உட்கார்ந்த பள்ளம் இருந்ததே, அந்த ஸ்பாஞ்சையும் ரெக்ஸினையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். வண்டி வந்து இறங்கிய அன்று தெருவே கூடி நின்று பார்த்தது. நான் வலது கதவுக்குப் போனேன். விளிம்பு வழவழவென்று நீலமாக இருந்தது.

ஏதோ ஒரு வண்டியின் ஒரிஜினலை எங்கள் வண்டிக்குள் வைத்துத் தந்துவிட்டார்கள். எங்களுடைய ஒரிஜினல் அந்த விளிம்பில் இருந்தது.

திருப்பணி என்ற பெயரில் கோயில் சுவர்களில் மணலைப் பீய்ச்சி அடித்து ‘சுத்தம்’ செய்தார்களே, அப்போதும் இதுதான் நடந்தது. கல் வெள்ளையாக வரும், கல்வெட்டின் எழுத்து மழுங்கிவிடும். இத்தனை வருடமாகக் கல்லில் இருந்ததை அழித்துவிட்டு, புதுசு மாதிரி ஆக்கியிருக்கிறோம் என்று மார்தட்டுவார்கள். எனக்கு அடங்காத கோபம் இது. வயதானால் குறையும் என்று நினைத்தேன், கூடிக்கொண்டே போகிறது.

ஒரு பென்ட்லியின் கதை சொல்கிறேன், உங்கள் ஊர்க் கதைதான். ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜெயித்த ஸ்பீட் சிக்ஸ் மாடல். பிறகு இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் மைதானத்துப் பந்தயத்துக்காக எட்டு லிட்டர் என்ஜினை ஏற்றினார்கள். 1932இல் அங்கே விபத்தாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்துபோனார். வண்டியை மறுபடி கட்டி, வேறு பாடி போட்டார்கள். 1990இல் அதை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்த பிறகு, இது அந்த வண்டியே இல்லை, இரும்பெல்லாம் மாறிப்போச்சு என்று வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பந்தயத்தில் ஜெயித்த நாளில் இருந்த பாகங்களில் மிகக் கொஞ்சம்தான் மிச்சம் என்பதை நீதிபதி ஆட்டனும் ஏற்றுக்கொண்டார். ஆனால் வண்டியின் வாழ்க்கை எங்கேயும் அறுபடவில்லை, ஒவ்வொரு மாற்றமும் அதே வண்டிக்குத்தான் நேர்ந்தது, ஆகவே ஓல்ட் நம்பர் ஒன் இதுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்படியானால் ஒர்க்‌ஷாப்காரர்கள் செய்ததும் ஹெரால்டின் வாழ்க்கையில் ஒரு மாற்றம்தானே என்று கேட்பீர்கள். தம்பியும் அதைத்தான் கேட்டான். இல்லை. பென்ட்லியை மாற்றியது ஓட்டுவதற்காக. அப்பா அம்பாசடர் வளையத்தை மாட்டியதும் அன்று ராத்திரி பாபநாசம் போயாக வேண்டும் என்பதற்காக. எங்கள் வண்டியைப் புதுசாக்கியது நிறுத்திவைப்பதற்காக. நீலம் மங்கிவிடும் என்று வெயிலில் எடுப்பதில்லை, சேறு படும் என்று மழையில் எடுப்பதில்லை. ஒரு பொங்கலுக்கு வாசல்வரை வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

உங்கள் வெள்ளை வண்டியைப் பற்றி நான் பயப்படுவது இதனால்தான். ஒன்பது வருடம் நின்ற வண்டி அப்படியே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்காது எஸ். பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் சரக்கு. அது உள்ளேயே கிடந்தால், சக்கரத்தில் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டரின் உள்சுவரில் துரு ஏறும். பிஸ்டன் அசையாமல் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் ரப்பர் வாஷர் கிழிந்து ஆயில் ஒழுகும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். மெக்கானிக் பிரேக் டிரம்மைக் கழற்றிக் காட்டினார், உள்ளே காவி கரைத்த மாதிரி ஒரு குழம்பு. பெட்ரோல் கார்புரேட்டர் கிண்ணத்தில் வற்றி, பிசினாக ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டும். ஓடாத என்ஜினில் ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும். டயரில் தரையைத் தொடுகிற பட்டன் நன்றாகத்தான் இருக்கும், பக்கச் சுவரில் பார்த்தால் பாளம் பாளமாக வெடிப்பு. இதோடு உங்கள் ஊரில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால். அந்தக் காலத்துப் பெட்ரோல் குழாயின் ரப்பருக்கு அது ஆகாது. அந்த என்ஜினே ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்தது. 2000 தொடக்கத்தோடு அதன் பொது விற்பனையும் பிரிட்டனில் நின்றுபோனது.

ஆக, அந்த வெள்ளையை ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டுவதற்கே குழாய், சிலிண்டர், சீல், டயர் அத்தனையும் புதுசு போட வேண்டும். போடுங்கள், தப்பே இல்லை. கெட்டுப்போகிறது என்று தெரிந்தே போல்ட் போட்டு மாட்டிய பாகங்கள் அவை. போட மாட்டேன், ஒரிஜினல் போய்விடும் என்றால், நீங்கள் வாங்குவது வண்டியின் படத்தைத்தான். ‘கடமை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, என்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வருவது. பெயின்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஐம்பது வருடத்துக்கு மேலான கீறலும் மங்கலும் அதில் இருக்கின்றன. யாரோ ஒருவர் கை வைத்த இடம் அதிலும் எங்காவது தேய்ந்திருக்கும், தேடிப் பாருங்கள்.

வாராவாரம் எடுக்க நேரம் கிடைக்காது, கீறல் விழுந்தால் தூக்கம் வராது என்றால் வெள்ளையை இன்னொருவருக்கு விட்டுவிடுங்கள். சிவப்பை வாங்குங்கள். அதன் ஒரிஜினல் பெயின்ட் போய்விட்டது, அதைப் பற்றி இனி யாரும் அழ வேண்டியதில்லை. கியர்பாக்ஸும் சீட்டும் பழையபடி மாற்றக்கூடியவைதான். கழற்றியதை எல்லாம் வைத்திருக்கிறாரா என்று விற்பவரிடம் கேளுங்கள், வைத்திருந்தால் கையோடு வாங்கிவந்து பரணில் போடுங்கள்.

எதுவானாலும் என்ஜின் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுப் பகுதியைப் பாருங்கள், ‘சில்’ என்பார்கள். ஹெரால்டைவிட ஸ்பிட்ஃபயருக்கு அது முக்கியம், வண்டியின் பலத்தில் பாதி அங்கேதான். காந்தம் ஒட்டுகிறதா, கட்டைவிரலால் அழுத்தினால் நொறுங்குகிறதா பாருங்கள். உள்ளே தரை விரிப்பைத் தூக்கிப் பார்க்கவும் கூச்சப்படாதீர்கள். மார்க் 3க்கும் எங்கள் ஹெரால்டின் பின் ஆக்ஸில் அமைப்புதான். வேகமாக வளைவுக்குள் போய்த் திடீரென்று ஆக்ஸிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுற்றிவிடும். வேகத்தை முன்னாலேயே குறைத்துக்கொள்ளுங்கள். அப்பா திருவிடைமருதூர் ரோட்டில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது முதலில் சொன்னது இதைத்தான், நான் கேட்காமல் ஒருமுறை வயலுக்குள் இறக்கியிருக்கிறேன்.

நாலு வீல் சிலிண்டருக்கும் சொல்லியிருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறது. தம்பிக்கு அவ்வளவாக இஷ்டமில்லை. வண்டி ஓடட்டும், சுவாமிமலைவரை நான்தான் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன், கண்ணாடியை இறக்கிவிட்டு.

நீங்கள் எதை வாங்கினீர்கள் என்று எழுதுங்கள்.